கைக்கு ஒன்றும் ஆகவில்லை

"உங்க அக்கா கைக்கு என்னம்மா ஆச்சு?" என்று சலூன் மாமா என்னைக் கேட்டார். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் "அப்புறம் ஏன் விட்டுட்டா?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடமே பதில் இல்லை. "தெரியலை மாமா" என்று மென்று விழுங்கிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டேன்.

எங்கள் வீடு அவருடைய சலூனுக்கு மேலே இருக்கிறது. இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, இரும்புக் கதவு போட்ட குளியலறை. முன் அறை ஜன்னலைத் திறந்தால் தெரு. பின் அறை ஜன்னலைத் திறந்தால் கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு பெயின்ட் குடோனின் சுவர். கீழே இறங்க ஒரே படிக்கட்டுதான். அது சலூன் வாசலை ஒட்டி முடியும். சலூனுக்குள் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. தாடையில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தெருவைவிட எங்கள் படிக்கட்டுதான் நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் யாருக்குச் செருப்பு அறுந்தாலும் எங்களுக்கு முன்னால் தெருவுக்குத் தெரிந்துவிடும்.

அக்கா கல்லூரி வாலிபால் அணியில் ஸ்மாஷ் அடிப்பவள். இடது கைக்காரி. இடது கையிலிருந்து வரும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எதிர் அணிக்குப் பிடிபடாது. முதல் வருடமே அவள் அடித்த ஒரு பந்தில் எதிர்ப்பக்கத்துப் பெண் உட்கார்ந்துவிட்டாளாம். அன்று சலூன் மாமா வைத்த பெயர் 'சுத்தியல்'. அதற்குப் பிறகு தெருவில் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. தபால்காரர்கூட "சுத்தியல் வீடு தானே?" என்றுதான் கேட்பார்.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அணி அரையிறுதியில் ஜெயித்துவிட்டால், இறுதிப் போட்டி முடியும்வரை ஆண்கள் யாரும் சவரம் செய்துகொள்ளக் கூடாது. இதை ஆரம்பித்து வைத்தவரே சலூன் மாமாதான். தன் கடைக்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்ட மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த நாட்களில் அவர் காலி நாற்காலியைத் துடைத்துக்கொண்டே, "என் பொழப்புல மண்ணைப் போடுறதே நான்தான்" என்று பெருமையாகச் சொல்லுவார். மருந்துக்கடை அண்ணனுக்குத் தாடி ஒழுங்காக வளராது. "இவர் கன்னம் காலி மனை மாதிரி. அங்கங்க புல்லு மட்டும்தான்" என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே சொறிந்துகொள்வார். போட்டி முடிந்ததும் சலூனில் வரிசை நிற்கும். ஜெயித்தால் மாமா யாரிடமும் கூலி வாங்க மாட்டார்.

இந்த வருடமும் அரையிறுதியில் ஜெயித்தார்கள். அக்காதான் கடைசிப் பந்தை அடித்தாள். மறுநாள் தன் ஜெர்ஸியைத் துவைத்து, காயவைத்து, மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கோச் சாரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். "இனிமே நான் விளையாடலை சார்" என்று மட்டும் சொன்னாளாம். கோச் சார் அடிபட்டதா, வீட்டில் ஏதாவதா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றிருக்கிறாள்.

தெருவில் அதற்குள் ஆளுக்கு இரண்டு நாள் தாடி முளைத்திருந்தது.

முதலில் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். மருந்துக்கடை அண்ணன் தோள்பட்டைக்குத் தடவும் களிம்பு கொடுத்துவிட்டார். தையல்கடை அக்கா வந்து, அம்மாவிடம் தனியாக, காதல் கீதல் ஏதாவதா என்று விசாரித்துவிட்டுப் போனார். கோச்சோடு சண்டை என்று ஒரு கதை, இறுதிப் போட்டியில் எதிரே ஆடப்போகும் கல்லூரி அவளை விலைக்கு வாங்கிவிட்டது என்று ஒரு கதை. அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். போர்வை மடித்து மடித்து அலுத்துப்போய் வருபவர். "ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார். ஆனால் அவரும் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த நேரம் அது. அதனால் அக்கா கல்லூரி விட்டு வந்த நேரமெல்லாம் அவளோடு இருந்தவள் நான்தான். ஒரு சாயங்காலம் கேட்டுவிட்டேன். அவள் குடோன் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"முன்னாடியெல்லாம் பந்து மேல ஏறினா நானும் கூடவே ஏறுற மாதிரி இருக்கும். இப்ப பந்து மேல போனதும், பின்னாடி இவங்க எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுதான் கேக்குது. அடிச்சா விடுவாங்க. அடிக்கலைன்னா அப்படியே பிடிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"அதுக்காகவா விட்டே?"

"பிடிக்கலை. வேற காரணம் தேடித் தேடிப் பாத்தேன். கிடைக்கலை." கொஞ்சம் கழித்து, "ஆறாவது படிக்கிறப்ப இருந்து தினமும் பிராக்டிஸ். எனக்கு சாயங்காலமே கிடையாது, தெரியுமா? சாயங்காலம்னா என்ன பண்ணுவாங்க எல்லாரும்?" என்று கேட்டாள்.

அவளுக்குச் சாயங்காலம் கிடைத்துவிட்டது. போவதற்குத்தான் இடம் இல்லை. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் படிக்கட்டு முடிகிற இடத்தில் தாடிக்காரர்கள் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, வழி விட்டு ஒதுங்கி, அவள் கையைப் பார்த்தார்கள். கட்டு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று. அவளும் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு நடக்கப் பழகினாள். கல்லூரி விட்டு வந்தால் பின் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

அப்போதுதான் அவர்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். எங்கள் தெரு ஆட்களால்தான் அப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும், அதுவும் அன்பினால். சலூன் மாமாவும் மருந்துக்கடை அண்ணனும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கோச் சாரைப் போய்ப் பார்த்தார்கள். "சின்னப் பொண்ணு, ஏதோ கோவத்துல சொல்லிட்டா. ஃபைனல்ல அவ ஆடுவா. நாங்க பொறுப்பு" என்று, அவள் விலகியதை அவர்களே வாபஸ் வாங்கிவிட்டார்கள். கையோடு அவளுடைய ஜெர்ஸியையும் திருப்பி வாங்கி வந்துவிட்டார்கள். அதை ஒரு பையில் போட்டு எங்கள் கதவின் கொண்டியில் மாட்டிவிட்டு, மாமா படியில் நின்றபடி உள்ளே குரல் கொடுத்தார்.

"ஒண்ணும் கவலைப்படாதம்மா. எல்லாம் பேசி முடிச்சாச்சு. நீ கோர்ட்ல கால் வைக்கிற வரைக்கும் இந்தத் தெருவுல ஒருத்தன் முகத்துலயும் கத்தி படாது."

அவர் குரலில் அத்தனை சந்தோஷம். அக்கா உள்ளே சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். அம்மாதான் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். அந்த அறையில் எங்கே திரும்பினாலும் அது கண்ணில் பட்டது.

இத்தனை நாளும் இறுதிப் போட்டி வரைக்கும்தான் தாடி. இப்போது அவள் ஆட வரும்வரை தாடி. அதாவது அவள் வராவிட்டால் அந்தத் தெருவே தாடியோடு அலையும். அவள் செய்ததை எல்லோரும் முகத்தில் சுமந்துகொண்டு திரிவார்கள்.

அந்த முகங்களில் அப்பாவின் முகமும் ஒன்று. அதுதான் அக்காவை நொறுக்கியது.

அப்பா ஒரு வங்கியின் வாசலில் காவலாளி. தொப்பி, பெல்ட், பளபளக்கும் ஷூ, மழித்த முகம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து காலையில் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்யாமல் அவர் வெளியே போனதில்லை. மற்ற வருடங்களில் தெரு முழுக்கத் தாடி வளர்த்தபோது அவருக்கு மட்டும் விலக்கு உண்டு. "உங்களுக்கு உத்தியோகம் அப்படிண்ணே" என்று மாமாவே சொல்லிவிடுவார். இந்த வருடம் யாரும் கேட்காமலே அப்பா சவரத்தை நிறுத்திவிட்டார். அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. விளையாடு என்றும் சொல்லவில்லை, விளையாடாதே என்றும் சொல்லவில்லை. நரையும் கறுப்புமாக முகத்தில் முள் முளைக்க விட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார். பெற்ற பெண்ணால் தெருவுக்குத் தலைக்குனிவு என்றால், அதில் தன் பங்கைச் செலுத்திவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

வங்கியில் மேற்பார்வையாளர் முதல் நாள் கண்டும் காணாமல் விட்டார். அடுத்த நாள் வேண்டுதலா என்று கேட்டார். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமை மழித்த முகத்தோடு வந்தால் வேலை, தாடியோடு வந்தால் வேறு ஆள் என்று அனுப்பிவிட்டார். அப்பா பட்டப்பகலில் சீருடையோடு வீடு திரும்பினார். படிக்கட்டில் அவர் ஷூ சத்தம் கேட்டதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்டதே இல்லை.

"நீங்க ஷேவ் பண்ணாததுக்கும் நான் தான் காரணமா?" என்று கேட்டாள்.

அப்பா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எல்லாரும் தாடியோட நிக்கும்போது நான் மட்டும் மழுமழுன்னு இறங்கிப் போக முடியுமா?" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. அம்மாவுக்கு வேலை. அப்பா முன் அறையில் படுத்திருந்தார். நான் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போய்விட்டு வந்தேன். அக்கா குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த இரும்புக் கதவுக்கும் நிலைக்கும் நடுவில், கீல் இருக்கும் பக்கத்தில், இடது கையின் விரல்களை வைத்திருந்தாள். வலது கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. அழவில்லை. கணக்குப் போடுகிற முகம்.

நான் துணியைக் கீழே போட்டுவிட்டேன். அவள் விரல்களை எடுத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லைடி. சும்மா அளவு பாத்தேன்."

"என்ன அளவு?"

"கை ஒடிஞ்சா எல்லாரும் பழம் வாங்கிட்டு வந்து பாப்பாங்கல்ல? அப்பாவும் ஷேவ் பண்ணிக்குவாரு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. எங்கள் தெரு அத்தனை நாளாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது எதற்கு என்றும் புரிந்தது. அது உடைந்திருந்தால் அவர்கள் அவளை மன்னிக்கத் தயாராக இருந்தார்கள். முழுசாக இருப்பதுதான் அவள் செய்த குற்றம்.

அவளைப் பின் அறையில் உட்கார வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனேன். பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்தார். பிறகு போய் அந்த இரும்புக் கதவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். கீல் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலையில் அப்பா முன் அறை ஜன்னல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். சோப்பு, பிரஷ், குவளையில் தண்ணீர், ரேசர் எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தார். கழுத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்.

"வா. நீ பண்ணி விடு."

"எனக்குத் தெரியாதுப்பா."

"எனக்கு மட்டும் பொறக்கும்போதே தெரியுமா? பண்ணு."

"வலது கையால எனக்கு வராது."

"இடது கையாலேயேதான் பண்ணச் சொல்றேன்."

அவள் ரேசரை இடது கையில் எடுத்தாள். அப்பா தாடையைத் தூக்கிக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"மெதுவா. ஸ்மாஷ் அடிச்சிடாதே."

அம்மா சமையல் மூலையிலிருந்து சிரித்துவிட்டார். அந்த வீட்டில் எத்தனையோ நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. அக்காவுக்கும் உதடு கோணியது. ஆனால் அவள் கண் முழுக்க அந்தக் கன்னத்தில்தான் இருந்தது. ஒரு வரி இழுப்பாள், தண்ணீரில் அலசுவாள், அடுத்த வரி. தாடைக்குக் கீழே ஓரிடத்தில் கீறிவிட்டது. "வலிக்குதாப்பா?" என்றாள். "இல்லை" என்றார். முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்து, விரல் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு. இது இப்படியே இருக்கட்டும்" என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள்.

அப்பா சீருடை போட்டுக்கொண்டு படியிறங்கினார். நான் பின்னாலேயே போனேன். சலூன் மாமா காலி நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் பெஞ்சில் இருந்தார்கள். மழித்த முகத்தைப் பார்த்ததும் பேப்பர் கீழே இறங்கியது.

"என்னண்ணே இது. உங்க பொண்ணுக்காகத்தானே நாங்க எல்லாம்..."

"என் பொண்ணுதான் பண்ணி விட்டா" என்றார் அப்பா. "அவ விளையாட மாட்டா. கைக்கு ஒண்ணும் ஆகலை. பிடிக்கலை, விட்டுட்டா. அவ்வளவுதான்."

"பிடிக்கலைன்னா எப்படிண்ணே? இத்தனை பேரு..."

"அந்தக் கையை அவளே ஒடிச்சுக்கப் பாத்தா. உங்களுக்குப் பதில் சொல்றதுக்காக."

மாமா எழுந்து நின்றார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சீப்பை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"காலையில இருந்து கடை சாத்துற வரைக்கும் நான் நின்னுக்கிட்டே இருக்கேண்ணே. யாரோட தலையோ, யாரோட முகமோ. அவ ஆடும்போது மட்டும்தான் உக்காருவேன். அவ ஓங்கி ஒண்ணு அடிச்சா நானே அடிச்ச மாதிரி இருக்கும்." சீப்பைக் கீழே வைத்தார். "வேற எதையும் நான் நினைக்கலைண்ணே."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. தாடி வைத்திருந்த பாதிப் பேர் அப்படியே இருந்தார்கள். தையல்கடை அக்கா அம்மாவைப் பார்த்ததும் மெஷினைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஒருவர் எங்கள் காது கேட்க, "வளர்த்த கடா மார்பில் பாயுது" என்றார். வளர்த்தது யார் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அக்கா ஆணியில் தொங்கிய ஜெர்ஸியைத் தானே எடுத்துக்கொண்டு, பட்டப்பகலில் படியிறங்கி, தெரு முழுக்க நடந்து போய், தன் இடத்தில் ஆடப்போகும் முதல் வருடப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தாள். கையைத் துப்பட்டாவுக்குள் மறைக்கவில்லை.

இறுதிப் போட்டி அன்று, "நானும் வரேன்" என்றாள். அம்மா வேண்டாம் என்றார். எனக்கும் பயம்தான். மைதானத்தில் எங்கள் தெரு ஆட்கள் எப்போதும் உட்காரும் படிகளுக்கு இரண்டு வரிசை மேலே போய் உட்கார்ந்தோம். எங்களுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே இருந்தது. கூட்டம் நெருக்கியடித்தபோதும் அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. கீழே திரும்பிப் பார்த்தவர்கள் உடனே முன்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அக்கா முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போய்விடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

முதல் வருடப் பெண்ணுக்கு ஜெர்ஸி தோளில் வழிந்தது. முதல் பந்தை நெட்டில் அடித்தாள். இரண்டாவதைக் கோட்டுக்கு வெளியே அடித்தாள். மூன்றாவதும் நெட்டில் பட்டபோது எங்களுக்குக் கீழே இருந்த ஓர் ஆள் எழுந்து நின்று, "இதுக்கு ஒரு குச்சியை நட்டு வெச்சிருக்கலாம். சுத்தியல் இருந்திருந்தா..." என்று கத்தினார். அந்தப் பெண்ணுக்கு அது கேட்டிருக்கும். கோர்ட்டில் நின்றபடியே படிகளை நிமிர்ந்து பார்த்தாள். என் அக்கா அப்படி நிமிர்ந்து பார்ப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன், அப்போது எனக்கு அர்த்தம் தெரியாது.

சலூன் மாமா அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"உக்காருய்யா. அந்தப் புள்ளை ஆடட்டும். பிடிச்சா பாரு, இல்லைன்னா எழுந்து போ."

அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்கள் மேலே இருப்பது அவருக்குத் தெரியும். அக்கா கொஞ்ச நேரம் அவர் முதுகையே பார்த்தாள். பிறகு, அடுத்த பந்து அந்தப் பெண்ணுக்கு வந்தபோது, எழுந்து நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கத்தினாள். அடைமொழி எதுவும் இல்லை, அவளுடைய சொந்தப் பெயர். அக்கா ஒரு போட்டியில் குரல் எழுப்பி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்காவின் கல்லூரி தோற்றது. திரும்பி வரும்போது தெரு ஆட்கள் முன்னால் போனார்கள், நாங்கள் பின்னால் வந்தோம். எங்களுக்காக யாரும் நிற்கவில்லை. எங்களை விட்டு விலக யாரும் வேகமாகவும் நடக்கவில்லை. அக்கா இன்று கல்லூரியில் கடைசி வருடம். அவளிடம் நேராகப் பேசாதவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவள் சாயங்காலங்களில் நடக்கப் போகிறாள். சில நாள் நானும் கூடப் போவேன்.

நான் எழுதிப் பழகியவள் இல்லை. நம் தெருவில் ஒருத்தி நன்றாக ஆடினால் நமக்குப் பெருமை வருவது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். கைதட்டுகிறோம், தொண்டை கட்டும்வரை கத்துகிறோம். அதற்கெல்லாம் ஈடாக அவள் கால்களும் கைகளும் நமக்குச் சொந்தம் என்று எப்போது முடிவு செய்தோம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. இதைப் படித்த நீங்கள், பிடித்த அணிக்காகக் கத்துகிற யாராவது ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். கடையில், பஸ்ஸில், மைதானத்துப் படியில், எங்கே வேண்டுமானாலும். குறிப்பாக, ஆட்டத்தை விட்டுவிட்டு இன்று ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்திருப்பவரின் தெருவில் நீங்கள் இருந்தால், அந்தத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் சொல்லிவிடுங்கள்.